‘இவர்’ என்று எழுதியிருந்த ஒயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் போன மாதம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அங்கே மாப்பிள்ளையும் பேத்தியும் நலம் என்று நம்புகிறேன். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை, நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரல் எத்தனை ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ "அப்பா, அழாதீங்கப்பா" என்கிறாய். நான் அழவில்லை, எனக்கு மூக்கடைப்பு. தவிர, முப்பத்தொரு வருடம் எடை அளவை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை போட்டவன் நான். என் மேல் ஒரு புகார் வந்தால் எழுத்தில் பதில் கொடுத்துத்தான் பழக்கம். புகார் இதுதான். மாடி வீட்டு அம்மாள் உனக்குப் போன் போட்டு, உன் அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வருகிறார், வந்து தன் வீட்டு காலிங்பெல்லைத் தானே அழுத்துகிறார், அது ஒரு வருடமாக அடிக்காத பெல், இருந்தாலும் அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பூட்டைத் திறந்து உள்ளே போய், ஆளில்லாத வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்கிறார், இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நீ கொடுத்த தீர்ப்பு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவது, வீட்டைப் பூட்டுவது, என்னை அழைத்துக்கொண்டு போவது, அம்மாவின் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போடுவது. மாடி வீட்டு அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை. எண்ணிக்கையில் மட்டும் பிழை, நாலு தடவை அல்ல, ஆறு. ஆனால் நான் இந்த வீட்டை விட்டு வருவதாக இல்லை. என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன், படித்துவிட்டு யாருக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று நீயே சொல்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியது அல்ல என்பது உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு சும்மா இருக்கக் கை வராமல், பெட்டியை ஒரு கடையிலும் போர்டை இன்னொரு கடையிலுமாகப் பாகம் பாகமாக வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பற்றவைக்கிற கம்பியும் கையுமாக உட்கார்ந்து இருபது நாளில் உன் அம்மா கட்டியது. அந்த இருபது நாளும் நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இந்தப் பதினொரு மாதமாக அதில் நான் செய்ததெல்லாம் இரண்டே வேலை, தினமும் சீட்டு விளையாடுவது, சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் முகத்தைப் பார்ப்பது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மறுநாள் நீ பார்க்கும்போது பின்னால் ஒட்டடை தெரியக் கூடாதே என்று மேஜையை இழுத்துப் போட்டுத் துடைத்தேன். பெட்டியைத் துடைத்தேன், பெட்டிக்குப் பின்னாலும் கையை விட்டுத் துடைத்தேன், ஸ்பீக்கரில் இருக்கிற திருகையும் விடவில்லை. எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. பத்துத் தடவை அழுத்தினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவரைக் குறை சொல்லக் கூடாது, ஆபீஸில் இருந்தபடியே பொறுமையாகத்தான் பேசினார். "மாமா, பிளக் சொருகியிருக்கான்னு பாருங்க" என்றார். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே பார்த்தேன். சொருகியிருக்கவில்லை. சொருகினேன். அப்போதும் வரவில்லை. "பெட்டியைத் திறந்து மெமரியைக் கழட்டுங்க மாமா, நீளமா ஒரு பட்டை இருக்கும். அதோட பல்லை ரப்பர் வெச்சு நல்லா அழிச்சுட்டு மறுபடி மாட்டுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் அம்மாவின் போட்டோ, கணக்கு, அவள் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, இவர் மெமரியை ரப்பர் வைத்து அழிக்கச் சொல்கிறாரே, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்றுதானே பெண்ணைக் கொடுத்தோம் என்று போனை வைத்துவிட்டேன். அழுக்கைத் தேய்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சனிக்கிழமை உங்களைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான், நான் கோபித்துக்கொண்டதாக நீ நினைத்தது தப்பு.

அடுத்து, நம் தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறாரே, எல்லாரும் டாக்டர் டாக்டர் என்று கூப்பிடுகிற கம்ப்யூட்டர் மெக்கானிக், அவரை வரச் சொன்னேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். வந்தவர் பெல்லை அழுத்தியிருக்கிறார், அதுதான் அடிக்காதே, பிறகு கதவைத் தட்டினார். நான் திறந்து, வாருங்கள் என்று சொல்லி, நோயாளியின் சரித்திரத்தை விவரித்துக்கொண்டே அறைக்கு அழைத்துப் போனால், பச்சை விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. "ஓடுதே சார்!" என்றார். நான் தொடவே இல்லை, கண்ணு. காலையிலிருந்து அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைக்குள்ளிருந்து உன் அம்மா, "வந்துட்டீங்களா? செருப்பை வெளிய விடுங்க" என்றாள்.

அவள் குரல்தான். ‘வெளிய’ என்பதில் ஒரு சின்ன எரிச்சல் வருமே, அதுவும் இருந்தது. டாக்டர் மரியாதை தெரிந்த மனிதர். "வந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லித் திரும்பிப் போய்ச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, "அம்மா உள்ள இருக்காங்களா சார்?" என்றார். நான் சுவரில் இருக்கிற படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், கீழே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுல கோளாறு ஒண்ணும் இல்லை சார், நல்லாவே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர், கொண்டுவந்த பையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் அதை அணைத்துவிட்டு, நானே பட்டனை அழுத்திப் பார்த்தேன். வரவில்லை. பயந்தீர்களா என்று கேட்டால், பயந்தேன். உயிரோடு இருக்கும்போதே அவளுக்குப் பயந்தவன், இப்போது மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்? ஆனால் பயம் இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு வந்தது வேறு. செவ்வாய்க்கிழமை தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார், அது எழுந்துகொண்டது, அவரை "வந்துட்டீங்களா" என்றது. புதன்கிழமை மாடி வீட்டு அம்மாள் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தார், அவரையும் கேட்டது. வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கேட்டது, துண்டோடு ஓடிவந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை, கதவுக்கு அடியில் கூரியர்காரரின் சீட்டு மட்டும் கிடந்தது, நீங்கள் வீட்டில் இல்லாததால் திரும்பிப் போகிறோம் என்று. ஆக, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் வந்துட்டீங்களா என்று கேட்கிறாள். தினமும் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் நடந்துவிட்டு வீட்டுக்கு வருகிற என்னை மட்டும் கேட்கவில்லை. நான் வந்து பூட்டைத் திறந்தால் வீடு கம்மென்று இருக்கிறது. முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். தண்ணீர் கேன்காரர் என்னைவிட எதில் உசத்தி? வெள்ளிக்கிழமை முழுதும் நான் அதனோடு பேசவே இல்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை அவராகவே போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, டாக்டர் விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு ஒயரிலும் ஒரு வெள்ளைச் சீட்டு சுற்றி, அதில் உன் அம்மாவின் குண்டு எழுத்து. விசிறி. விளக்கு. ஒலி. எக்ஸ்சேஞ்சில் பழகிய பழக்கம் அது, இங்கே சமையலறை டப்பாக்களிலும் அப்படித்தான் ஒட்டிவைத்திருக்கிறாள். மாப்பிள்ளை "பவர்னு எழுதின ஒயர் இருக்கா மாமா?" என்று கேட்டார்.

"இருக்கு மாப்பிள்ளை. ஆனா பிஞ்சு தொங்குது."

"அவ்வளவுதான் மாமா கோளாறு! நீங்க துடைக்கும்போது இழுத்திருப்பீங்க. போர்டுல ரெண்டு ஊசி நீட்டிட்டு இருக்கும், அதுல சொருகுங்க."

"அந்த எடத்துல இவர் இருக்காரே."

"எவர்?"

"இவர்."

"யார் மாமா பக்கத்துல?"

"பக்கத்துல யாரும் இல்லை மாப்பிள்ளை. பவர் இருக்க வேண்டிய எடத்துல இவர்னு ஒரு ஒயர் சொருகியிருக்கு."

மாப்பிள்ளை மெதுவாக, "அதுவும் பவர்தான் மாமா. ப எழுதும்போது அத்தைக்குக் கை தவறியிருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன் அம்மா ப-வுக்கு இ போடுகிறவள் அல்ல. இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்காரரிடமும் இவர்தான், ஆஸ்பத்திரியில் கடைசியாக நர்ஸிடம் பேசியபோதும் "இவர் இன்னும் சாப்பிடலை, கொஞ்சம் அனுப்பிவைங்க" என்றுதான் சொன்னாள். உலகத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அவள் வாயில் இவர் என்றால் அது ஒரே ஆள். ஒயரில் என் பெயரைத்தான் எழுதிவைத்திருக்கிறாள் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தரையில் மண்டியிட்டேன்.

பெட்டியின் பின்பக்கமாக வெளியே வந்தது. சுவரோரமாகப் பாய்க்கு அடியில் போயிற்று. பீரோவுக்குப் பின்னால் புகுந்தது, அங்கே என்னால் புக முடியவில்லை, அந்தப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டேன். கூடத்தில் ஜன்னல் கட்டைக்கு மேலே ஏறி, வாசல் கதவு நிலையை ஒட்டி இறங்கி, ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே போயிற்று. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். காலிங்பெல் பட்டனுக்குப் பின்னால் போய் முடிந்தது. பெல் கெட்டுப்போய்விட்டது என்று நான்தான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கெடவில்லை. பெல்லுக்குப் போகிற ஒயரைக் கழற்றி, கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, பவர் ஒயரையும் அதோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறாள், நான் துடைக்கும்போது இழுத்ததில் பவர் மட்டும் பிய்ந்துவிட்டது. வாசலில் யார் அழுத்தினாலும் அது எழுந்துகொள்ளும், எழுந்து ஐம்பத்திரண்டாவது விநாடியில் அவள் பதிவு செய்து வைத்ததைப் பேசும். மூன்று தடவை கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன், சரியாக ஐம்பத்திரண்டு. முன்பெல்லாம் ஸ்பீக்கர் திருகு குறைத்தே இருக்கும், சனிக்கிழமை உங்களோடு பேசும்போது மட்டும் கூட்டுவேன், அன்றைக்குத் துடைக்கும்போது நான் கூட்டிவைத்துவிட்டேன். அவ்வளவுதான் கண்ணு. இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை.

எதற்காக இப்படிச் செய்தாள் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். எனக்குச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வருகிற பழக்கம். என்னிடம் ஒரு சாவி, திறந்துகொண்டு நேரே பின்னால் போய் நிற்பேன். அவளுக்கு எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது மந்தம், திடீரென்று திரும்பிப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டு எத்தனையோ தடவை கையில் இருப்பதைக் கீழே போட்டிருக்கிறாள். "பெல் அடிச்சுட்டு வாங்களேன்" என்பாள். "என் வீட்டுக்கு நானே பெல் அடிக்கணுமா?" என்பேன். இதை ஆயிரம் தடவை பேசியிருப்போம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "நீங்க ஒரு தடவை பெல் அடிச்சா தெரியும்" என்றாள். நான் அடிக்கவில்லை. பதினொரு மாதமாக, அவள் எனக்காக வைத்துவிட்டுப் போனதை ஊரில் எல்லாரும் அழுத்தியிருக்கிறார்கள், நான் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

அதனால்தான் அடிக்கிறேன். வெளியே போய், பூட்டிக்கொண்டு, அழுத்திவிட்டு, ஐம்பது விநாடி நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் கேட்கிறாள். வந்துட்டேன் என்கிறேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? நீ சின்ன வயதில் பதில் சொல்லாமல் போனால் நான் என்ன சொல்வேன்? இதில் புத்தி பிசகு எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

இருந்தாலும் நீ நேற்று அழுதாய். உனக்கு மூக்கடைப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் உனக்காக ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று மதியம் டாக்டரை வரச் சொன்னேன். "நான் பெல் அடிக்கறதுக்கு முன்னாடி நீங்க கதவைத் திறந்து வெச்சுடணும் சார்" என்ற நிபந்தனையோடு வந்தார். பவர் ஒயரைப் பழையபடி பொருத்தினார். இவர் ஒயரை வெட்டிவிட்டார். வாசலில் இருந்த பட்டனையும் கழற்றச் சொன்னேன். "அம்மா குரலையும் எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்டார், அதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் முன்னால் இருக்கிற பட்டனை அழுத்தினால்தான் அது வரும். அப்போதும் வந்துட்டீங்களா என்று கேட்கும். ஆனால் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து வந்துட்டீங்களா என்றால் அதில் என்ன இருக்கிறது? சுருட்டிய ஒயர் குப்பைக்கூடையில் கிடக்கிறது. பெல் பட்டன் இந்தக் காகிதம் பறக்காமல் இருக்க இதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இனி வாசலில் நிற்கமாட்டேன், காலி வீட்டோடு பேசமாட்டேன், மாடி வீட்டு அம்மாளுக்கு வேலை வைக்கமாட்டேன். இத்தனைக்குப் பிறகாவது என்னை இந்த வீட்டிலேயே விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை வா, ஆனால் என்னைப் பார்க்க மட்டும் வா. நான் நடக்கப் போயிருந்தால் வாசலில் நிற்க வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீ எடுத்துப்போன அம்மாவின் சாவிதான் உன்னிடம் இருக்கிறதே, திறந்துகொண்டு உள்ளே வா.

பேத்திக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பும், ரப்பர் விஷயத்துக்கு மறுபடியும் மன்னிப்பும். நீ நோய்நொடி இல்லாமல், எதற்கெடுத்தாலும் அழாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

தெளிந்த புத்தியோடும் முழு நினைவோடும் கையெழுத்திடும்,
உன் அப்பா.

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது அறைக்குள் விசிறிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிகிறது. சாயங்காலம் ஐந்தேகால், நான் இன்னும் நடக்கக்கூடப் போகவில்லை. பெல் பட்டன் என் கையில் இருக்கிறது, ஒயர் கூடையில்தான் இருக்கிறது, இரண்டையும் சரிபார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு ஆயிற்று, குரல் வரவில்லை. எழுபது ஆயிற்று, வரவில்லை. உள்ளே இருந்தால்தானே கேட்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே, "வந்துட்டியா? செருப்பை வெளிய விடு" என்று சொல்லிவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்தேன். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அம்மாவின் சாவியை நாளைத் தபாலிலேயே அனுப்பிவை. சாவி இல்லாமல் ஒவ்வொரு தடவையும் அவள் பெல் அடித்துவிட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.